பொதிகையில் இறங்கி, பொதிகையிலேயே ஏறலாம்: பேக்கேஜ் இல்லாமல் ஒரு நாள் குற்றாலம்

கப்பல் டூர் ரீல்ஸ் பார்க்காதவங்க இப்போ ரொம்பக் கம்மி. 2022 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துல இருந்து கார்டீலியா கப்பல் கிளம்ப ஆரம்பிச்ச பிறகு, "ஒரு தடவை போயிட்டு வந்துடணும்" என்பது பல பேரோட ஆசைப் பட்டியல்ல ஏறிடுச்சு. அந்தக் கப்பல் டூர்ல ஒரு வியாபாரக் கணக்கு ஒளிஞ்சிருக்கு. கப்பல் காலையில ஒரு ஊர்ல நிக்கும், சாயங்காலம் கிளம்பிடும். நடுவுல எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ கிடைக்கும். அந்த நேரத்துல ஊரைச் சுத்திக் காட்ட, கப்பல் கம்பெனியே தனியா ஒரு டூர் விக்கும். அதே இடங்களை நீங்களே பஸ் பிடிச்சோ, நாலு பேர் சேர்ந்து டாக்ஸி பிடிச்சோ பார்த்தா பெரும்பாலும் நல்ல வித்தியாசத்துல முடிஞ்சிடும். அப்புறம் ஏன் ஜனங்க கம்பெனி டூரையே வாங்கறாங்க?

நேரத்துக்குப் பயந்துதான். கம்பெனி டூர் லேட் ஆனா, அது கம்பெனியோட பொறுப்பு. நீங்களா போய் லேட் ஆனா, கப்பல் நிக்காது. 2024 மார்ச் கடைசியில, மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் சாவோ டோமே தீவுல தனியா ஊர் சுத்தப் போன 8 பயணிகள் நேரத்துக்குத் திரும்பல. கப்பல் அவங்களை விட்டுட்டுக் கிளம்பிடுச்சு. சொந்தச் செலவுல நாடு விட்டு நாடு தாண்டி, கடைசியில செனகல் நாட்டு டாக்கர்ல போய்த்தான் கப்பலைப் பிடிச்சாங்க. ஆக, பேக்கேஜுக்கு நீங்க கொடுக்கற கூடுதல் பணம் வண்டிக்கும் கைடுக்கும் மட்டும் இல்ல. "லேட் ஆனா யாருக்கு நஷ்டம்?" என்ற கேள்விக்கும் சேர்த்துத்தான். ஒரு வகையில அது இன்சூரன்ஸ் பிரீமியம்.

இந்தக் கணக்கு புரிஞ்சிடுச்சுன்னா, கடலே இல்லாத ஒரு ஊர்ல இதை அழகா பயன்படுத்தலாம். குற்றாலம்.

நம்ம கப்பலோட பேரு பொதிகை

சென்னையில இருந்து செங்கோட்டை போற பொதிகை எக்ஸ்பிரஸ் தினமும் ராத்திரி கிளம்பி, காலையில தென்காசியில இறக்கி விடும். அதே வண்டி சாயங்காலம் ஆறு மணி வாக்குல செங்கோட்டையில இருந்து திரும்பக் கிளம்பி, மறுநாள் விடியற நேரத்துல சென்னை. கால அட்டவணை அப்பப்போ மாறும், புறப்படற ஸ்டேஷன்கூட எழும்பூரா தாம்பரமான்னு மாறுது, அதனால டிக்கெட்ல இருக்கற நேரத்தை மட்டும் நம்புங்க. ஆனா அடிப்படை அமைப்பு இதுதான்: காலையில கரை இறக்கம், சாயங்காலம் புறப்பாடு, நடுவுல சுமாரா பத்து மணி நேரம். அச்சு அசல் கப்பல்.

இதுல சம்பளக்காரங்களுக்கு இருக்கற பெரிய லாபம் காசு இல்ல, லீவு. செவ்வாய்க்கிழமை ஆபீஸ் முடிச்சு ராத்திரி ஏறுங்க. புதன் முழுக்க குற்றாலம். வியாழன் காலையில சென்னையில இறங்கி, குளிச்சு, ஆபீஸ். செலவானது ஒரே ஒரு லீவு. ரூம் வாடகை பூஜ்யம், ஏன்னா ரெண்டு ராத்திரியும் ரயில்லயே தூங்கறீங்க. சனிக்கிழமை போனா அந்த ஒரு லீவும் மிச்சம்தான், மறுக்கல. ஆனா ஜூலை மாசச் சனிக்கிழமை பேரருவிக்கு முன்னாடி நிக்கற கூட்டத்தைப் பார்த்தவங்க புதன்கிழமைக்கு ஒரு லீவை சந்தோஷமா கொடுப்பாங்க. அருவிக்குக் கீழ அஞ்சு நிமிஷம் நிக்க, ஒரு மணி நேரம் வரிசையில நிக்கறதும் ஒரு செலவுதான்.

மதுரை, திருநெல்வேலிக்காரங்களுக்கு இன்னும் சுலபம். நெல்லையில இருந்து தென்காசி ஐம்பத்து சொச்சம் கிலோமீட்டர். பஸ்ஸும் உண்டு, செங்கோட்டை போற பாசஞ்சர் ரயிலும் உண்டு. காலையில கிளம்பி ராத்திரி வீடு வந்துடலாம்.

பேக்கேஜ் எதை விக்குது?

வேன் டூர் விளம்பரங்களைக் கவனிச்சுப் பாருங்க. "ஐந்து அருவி, கோவில், அணை, அசைவ விருந்து, எல்லாம் சேர்த்து" அப்படின்னு இருக்கும். ஒரு உதாரணத்துக்கு தலைக்கு 4,500 ரூபாய்னு வச்சுக்குவோம். அதுல டீசல், டிரைவர் பேட்டா, ரூம், சாப்பாடு, நடத்தறவரோட லாபம் எல்லாம் இருக்கு. அது நியாயமான தொழில்தான், குறை சொல்ல ஒண்ணும் இல்ல. நம்ம கேள்வி, அந்தப் பிரீமியம் நமக்கு வேணுமா என்பது.

கப்பல் துறைமுகத்துல அது வேணும்னு சொல்லலாம். தெரியாத நாடு, தெரியாத மொழி, பார்க்க வேண்டிய இடம் துறைமுகத்துல இருந்து ரெண்டு மணி நேரம் தள்ளி இருக்கும். இங்க? தென்காசியில இருந்து குற்றாலம் 5, 6 கிலோமீட்டர். டவுன் பஸ் போயிட்டே இருக்கும். சீசன்ல இன்னும் அதிகம். பேரருவியில இருந்து ஐந்தருவி 4, 5 கிலோமீட்டர். குற்றாலத்துல இருந்து செங்கோட்டையும் கிட்டத்தட்ட தென்காசி தூரம்தான். வழி தவறிப் போனாலும் தமிழ்லயே வழி கேட்கலாம். அதாவது லேட் ஆகற அபாயம் ரொம்பச் சின்னது. சின்ன அபாயத்துக்கு பெரிய பிரீமியம் கட்டறது டேர்ம் இன்சூரன்ஸ்லயும் தப்பு, டூர்லயும் தப்பு.

குற்றாலத்துல ஒரே ஒரு பெரிய அபாயம் இருக்கு. அதை எந்தப் பேக்கேஜும் ஏத்துக்காது. அதுக்குப் பிறகு வர்றேன்.

டிக்கெட் போடும்போது ஒரு சின்ன வேலை

போகும்போது தென்காசி வரைக்கும், வரும்போது செங்கோட்டையில இருந்து. இப்படி டிக்கெட் போடுங்க. காரணம் ரெண்டு. ஒண்ணு, உங்க நாள் தென்காசியில ஆரம்பிச்சு, குற்றாலம் வழியா, செங்கோட்டையில முடியும். வந்த வழியே திரும்ப வேண்டாம். ரெண்டாவது, செங்கோட்டை பொதிகை கிளம்பற ஸ்டேஷன். ரெண்டு நிமிஷம் நின்னுட்டு ஓடற இடைப்பட்ட ஸ்டேஷன்ல மூச்சு வாங்க ஓடறதைவிட, வண்டி கிளம்பற இடத்துல போய் நிதானமா ஏறறது நிம்மதி. கட்டண வித்தியாசம் பெருசா இருக்காது.

காலையில தென்காசியில இறங்கினதும் நேரா அருவிக்கு ஓடாதீங்க. காசி விஸ்வநாதர் கோவில் ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரம்தான். 15ஆம் நூற்றாண்டுல பராக்கிரம பாண்டியன் கட்டினது. ஒன்பது நிலை ராஜகோபுரம், சுமார் 180 அடி. ரொம்ப காலம் இடிஞ்சு மொட்டையா நின்ன கோபுரத்தை மறுபடி எழுப்பி 1990ல குடமுழுக்கு நடத்தினாங்க. வாசல்ல நுழையும்போது எதிர்க்காத்து முகத்துல அடிக்கும், கொஞ்சம் உள்ள போனா அதே காத்து பின்னாடி இருந்து தள்ளும். அனுபவிச்சுப் பாருங்க.

நம்ம வாசகர்களுக்குப் பிடிக்கற விஷயம் ஒண்ணு அந்தக் கோவில்ல இருக்கு. பிற்காலத்துல இந்தக் கோவிலைப் பழுது பார்த்துக் காப்பாத்தப் போறவங்க யாரா இருந்தாலும் அவங்க காலடியில நான் விழுந்து வணங்கறேன் என்ற பொருள்ல பராக்கிரம பாண்டியனோட கல்வெட்டு உண்டு. அபார்ட்மென்ட் மீட்டிங்ல மெயின்டெனன்ஸ் பணம் கேட்டா எழுந்து போறவங்களுக்கு இதை ஃபிரேம் போட்டுக் கொடுக்கலாம்.

காலைச் சாப்பாட்டைத் தென்காசியிலயே முடிச்சுக்குங்க. அருவிக்கரை ஓட்டல்களைவிட டவுன்ல விலை நிதானமா இருக்கும். அப்புறம் குற்றாலம் டவுன் பஸ். பெண்கள் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல ஏறினா விடியல் பயணத் திட்டத்துல டிக்கெட்டே கிடையாது. 2021 மே மாசத்துல இருந்து இருக்கற சலுகைதான், ஆனா வெளியூர்ல போய் இறங்கும்போது நிறைய பேருக்கு ஞாபகம் வர்றதில்ல. ஆட்டோ பிடிக்கறதுக்கு முன்னாடி ஞாபகம் வச்சுக்குங்க.

"தண்ணி விழுதா அண்ணாச்சி?"

குற்றாலத்துல யாரும் "ஃபால்ஸ் ஓப்பனா?"ன்னு கேட்க மாட்டாங்க. "தண்ணி விழுதா?"ன்னுதான் கேட்பாங்க. நீங்களும் பஸ் கண்டக்டர்கிட்ட, டீக்கடையில, ஆட்டோ அண்ணாச்சிகிட்ட அப்படியே கேளுங்க. "பேரருவில தண்ணி கூடுதலு, ஐந்தருவிக்குப் போங்க" மாதிரி ஒரு பதில் உங்க ரெண்டு மணி நேரத்தைக் காப்பாத்தும். பேக்கேஜ் வேன்ல இந்தச் சுதந்திரம் கிடையாது. அட்டவணைப்படி ஐந்தருவின்னா ஐந்தருவிதான், அங்க தண்ணி நூல் மாதிரி விழுந்தாலும்.

சீசன் என்பது தென்மேற்குப் பருவமழைக் காலம். ஜூன்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் வரைக்கும். வெயில் அடிச்சுட்டே சாரல் தூவும், காத்து குளிரும், அந்த மூணும் சேர்ந்தாத்தான் குற்றாலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழையிலயும் தண்ணி வரும், ஆனா அப்போ வெள்ளம் வந்து தடை போடற நாள்கள் அதிகம். ஏப்ரல்ல போனா பாறையைப் பார்த்துட்டு வரலாம்.

பேரருவியில முதல்ல குளிச்சிடுங்க. மேல இருந்து விழற தண்ணி நேரா தலையில விழாது. நடுவுல பொங்குமாகடல்ங்கற பள்ளத்துல விழுந்து, அங்க பொங்கி, வேகம் குறைஞ்சு கீழ வருது. இயற்கையே வச்ச ஷாக் அப்சார்பர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். எண்ணெய், சோப்பு, ஷாம்பு தடை, எல்லாம் ரூம்லயே வச்சுட்டு வாங்கன்னு சொல்லலாம்னா நம்மகிட்ட ரூமே இல்லையே. அதனால கொண்டு வராதீங்க. ஒரு தோள் பை, ஒரு மாத்துத் துணி, ஒரு துண்டு, ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் கவர், போனுக்கு ஒரு வாட்டர்புரூஃப் கவர் போதும். தனியா போனா ஒரு பிரச்சினை இருக்கு: குளிக்கும்போது பையை யார் பார்த்துக்கறது? கட்டண லாக்கரோ, பொருள் வைக்கற கடையோ இருக்கான்னு கேட்டு அங்க வைங்க. அதுக்குக் கொடுக்கற சில்லறை இந்த டூர்ல நீங்க கட்டற நியாயமான பிரீமியம். கையில தின்பண்டம் வச்சுட்டு நடந்தா குரங்கு வந்து பிடுங்கும், அதுக்குப் பிரீமியமே கிடையாது.

குளிச்சு முடிச்சு, அருவிக்குப் பக்கத்துலயே இருக்கற குற்றாலநாதர் கோவிலைப் பாருங்க. சங்கு வடிவத்துல அமைஞ்ச கோவில். அங்க இருந்து கொஞ்ச தூரத்துல சித்திர சபை. நடராஜருக்கு ஐந்து சபைன்னு சொல்வாங்க: சிதம்பரத்துல பொன், மதுரையில வெள்ளி, நெல்லையில தாமிரம், திருவாலங்காட்டுல ரத்தினம், குற்றாலத்துல சித்திரம். மத்த நாலு இடத்துலயும் சிலை, இங்க மட்டும் சுவர் ஓவியமா இருக்கற நடராஜர். சுத்துச் சுவர் முழுக்க மூலிகை வண்ண ஓவியங்கள். அருவிக்கு வர்ற கூட்டத்துல பத்துல ஒருத்தர்கூட இங்க எட்டிப் பார்க்கற மாதிரித் தெரியல. வேன் டூர் அட்டவணையில இது இருந்து நான் பார்த்ததில்ல. கோவில்கள் மதியம் நடை சாத்திடுவாங்க, அதனால பன்னிரண்டுக்குள்ள.

சிற்றருவி பேரருவியில இருந்து நடக்கற தூரம், கூட்டம் தாங்கலைன்னா அங்க போகலாம். புலியருவி சின்னது, குழந்தைகளோட வர்றவங்களுக்கு ஏத்தது. செண்பகாதேவி, தேனருவி பத்தி யூடியூப்ல பார்த்துட்டு கேட்பீங்க. அது வனத்துறை கட்டுப்பாட்டுல இருக்கற காட்டுப்பகுதி, சுற்றுலாப் பயணிகளுக்குப் பொதுவா அனுமதி இல்ல. "நான் கூட்டிட்டுப் போறேன்"னு யாராவது காசு கேட்டா கிளம்பிடுங்க. பழைய குற்றாலம் அழகான இடம், ஆனா பத்து மணி நேரத் திட்டத்துல அது செங்கோட்டைக்கு எதிர்த்திசை. ஐந்தருவி அல்லது பழைய குற்றாலம், ரெண்டுல ஒண்ணுன்னு வச்சுக்குங்க. என் ஓட்டு ஐந்தருவிக்கு. அங்க பழக்கடைகளும் இருக்கு. மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் எல்லாம் சீசன்ல மலைத் தோட்டங்கள்ல இருந்து வரும். முதல் கடையில விலை கேட்டு, நாலாவது கடையில வாங்குங்க. துரியனை மட்டும் அங்கயே சாப்பிட்டு முடிச்சிடுங்க. ராத்திரி ஸ்லீப்பர் கோச்ல எழுபது பேரு உங்ககூட வரப் போறாங்க.

பார்டர் தாண்டாத பார்டர் பரோட்டா

மதியச் சாப்பாட்டைச் செங்கோட்டை பக்கம் வச்சுக்குங்க. பிரானூர் பார்டர்ல இருக்கற பரோட்டாக் கடைக்கு ஊர் ஊரா பேரு. வாழை இலையில சின்னச் சின்னப் பரோட்டா, சால்னா, மிளகு தூக்கலா நாட்டுக்கோழி. கேரளா எல்லை இன்னும் மலையடிவாரத்துல தள்ளி இருக்கும்போது இங்க ஏன் "பார்டர்"னு பேரு? செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பகுதி. அப்போ எல்லை இந்த இடத்துல இருந்துச்சு. மாநிலம் மாறிடுச்சு, பேரு மாறல. பரோட்டாவுக்கு ஆளுக்கு 250, 300 ஒதுக்கிடுங்க, இதுல மிச்சம் பிடிக்காதீங்க. சைவம் சாப்பிடறவங்க குற்றாலத்துலயே முடிச்சுட்டு வர்றது நல்லது.

1911 ஜூன் 17ல மணியாச்சியில கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனோட ஊர் செங்கோட்டை. சிலையும் மணிமண்டபமும் ஊருக்குள்ள இருக்கு. ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் இருந்தா பார்த்துடலாம்.

வண்டி கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஸ்டேஷன்ல இருங்க. அரை மணி போதாதான்னு கேட்டா, போதும்தான். ஆனா வண்டியை விட்டா என்ன செலவுன்னு பாருங்க: டிக்கெட் காசு போச்சு, கடைசி நேர ஆம்னி பஸ்ஸுக்கு ஆயிரத்துக்கு மேல போகும், அதுவும் கிடைக்கலைன்னா ரூம் வாடகையும் இன்னொரு லீவும். கப்பலை விட்ட அந்த 8 பேரோட நிலைமையோட சின்ன வடிவம். பேக்கேஜ் வாங்காததால அந்த இன்சூரன்ஸை நீங்களே எழுதிக்கணும். ஸ்டேஷன்ல சும்மா உட்காருற அந்த அரை மணி நேரம்தான் உங்க பிரீமியம்.

மொத்தம் எவ்வளவு?

தனி ஆளா போறவங்களுக்கு நான் போடற தோராயக் கணக்கு: ஸ்லீப்பர்ல போக வர 900. பஸ், இடையில ஒண்ணு ரெண்டு ஆட்டோ சேர்த்து 250. காலை டிபன்ல இருந்து ராத்திரி ரயிலுக்கு வாங்கற பார்சல் வரைக்கும் 550. பழம் 200. லாக்கர், உடை மாத்தற இடம், டீ, இதர சில்லறை 100. ஆக 2,000. இது போக, வண்டி விட்டா பயன்படுத்தன்னு 1,500 தனியா வச்சுக்குங்க, திரும்பி வந்ததும் அது சேமிப்புக்கே போகட்டும். ஈரக் கையோட யுபிஐ பின் போடறது சிரமம், அருவிக்கரையில சிக்னலும் சமயத்துல கழுத்தறுக்கும், அதனால 500 ரூபாயாவது சில்லறையா வச்சுக்கறது உத்தமம்.

மறுநாள் காலையில ஆபீஸ் போகணும்னா திரும்பற பயணத்தை மட்டும் மூன்றாம் வகுப்பு ஏசியில போடுங்க. 650, 700 ரூபாய் கூடும். இதை நான் ஆடம்பரம்னு சொல்ல மாட்டேன். அருவியில அடிச்சுத் துவைச்ச உடம்பு நல்லா தூங்கினாத்தான் வியாழக்கிழமை ஒரு வேலைநாளா இருக்கும். அப்பவும் 2,700 பக்கம்தான்.

இந்தத் தொகைக்கு இஎம்ஐ போடறதோ, "இப்போ போங்க, அப்புறம் கட்டுங்க" ஆஃபர்ல விழறதோ தேவையே இல்ல. மார்ச் மாசத்துல இருந்து மாசம் 700 தனியா எடுத்து வச்சா ஜூன் சம்பளத்தோட 2,800 கையில.

எல்டிஏ பத்தி ஒரு வரி. உங்க சம்பளத்துல எல்டிஏ இருந்து, பழைய வரி முறையில இருந்தீங்கன்னா, லீவு போட்டுப் போற இந்த ரயில் கட்டணத்தைக் காட்டலாம். நாலு வருஷ பிளாக்ல ரெண்டு பயணம், போக்குவரத்துக் கட்டணம் மட்டும், பரோட்டா பில் செல்லாது. புது வரி முறையில இந்தச் சலுகை கிடையாது. ஆனா 900 ரூபாய்க்காக ஒரு வாய்ப்பைச் செலவழிக்காதீங்க. வீட்டாரோட தூரமா போற பயணத்துக்கு வச்சுக்குங்க.

யாரும் ஏத்துக்காத அந்த அபாயம்

2024 மே 17. சீசன் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. மேல மலையில பெய்த மழையில பழைய குற்றால அருவியில திடீர்னு வெள்ளம் வந்து, 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுட்டுப் போய் இறந்துட்டான். ஜனங்க படியில ஏறி ஓடற வீடியோ எல்லார் போன்லயும் வந்துச்சு. அருவிக்கரையில நிக்கறவங்களுக்கு மேல காட்டுல என்ன நடக்குதுன்னு தெரியாது. கீழ வெயில் அடிக்கும், மேல மழை கொட்டும்.

அதனாலதான் குற்றாலத்துல குளிக்கத் தடை என்பது சாதாரணச் செய்தி. காலையில தடை போட்டு மதியம் எடுப்பாங்க, சில நாள் முழுக்க எடுக்கவே மாட்டாங்க. இங்கதான் காசு மூளையைக் கெடுக்கற இடம். "இவ்வளவு செலவு பண்ணி, லீவு போட்டு, 650 கிலோமீட்டர் வந்துட்டு குளிக்காம போறதா?" நஷ்டத்துல இருக்கற பங்கை விக்க மனசு வராம இன்னும் பணம் போடறாங்களே, அதே யோசனைதான். போன காசு போனதுதான். குளிச்சாலும் குளிக்காட்டியும் அந்த 2,000 திரும்ப வராது. இப்போ உங்க முன்னாடி இருக்கற கேள்வியில அந்த 2,000 இல்லவே இல்ல. இந்தத் தண்ணியில இறங்கலாமா என்பது மட்டும்தான் இருக்கு. போலீஸ் விசில் அடிச்சா, தண்ணி கலங்கலா நிறம் மாறினா, சருகும் குச்சியும் அடிச்சுட்டு வந்தா, துண்டைக்கூட எடுக்காம மேல ஏறுங்க.

ஐஆர்சிடிசியில டிக்கெட் போடும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவா ஒரு பயணக் காப்பீடு கேட்கும், டிக் பண்ணிடுங்க, உயிரிழப்புக்கு 10 லட்சம் வரை உண்டு. ஆனா அது ரயில் விபத்துக்கு மட்டும். அருவிக்கு அது வராது. வேன் டூர்காரரும் ஏத்துக்க மாட்டார். தனியா போறதுல ஒரு லாபம் என்னன்னா, "மத்தவங்க எல்லாம் இறங்கறாங்களே"ன்னு தள்ளறதுக்குப் பக்கத்துல ஆள் இல்ல.

தடை நாள்ல அருவிக்கரையில காத்துக் கிடக்காதீங்க. தென்காசிக்குப் பக்கத்துல சுந்தரபாண்டியபுரம் இருக்கு, 'ரோஜா' படம் எடுத்த ஊர். ஜூலைக் கடைசி, ஆகஸ்ட்ல சூரியகாந்தி பூத்திருக்கும், வயலுக்குள்ள மிதிக்காம வரப்புல நின்னு போட்டோ எடுங்க. பண்பொழி திருமலைக் கோவில்ல மலை மேல நின்னா மொத்த மேற்குத் தொடர்ச்சி மலையும் மேகத்தோட தெரியும். முருகரைக் கும்பிடாதவங்களும் அந்தக் காத்துக்காக ஏறலாம். ரெண்டு நாள் இருக்கறவங்க செங்கோட்டையில இருந்து புனலூர் பக்கம் போற ரயில்ல ஏறி, ஆரியங்காவு குகையும் பதிமூணு கண் பாலமும் பார்த்துட்டு வரலாம். 1904ல போட்ட மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதையா மாறி 2018ல திரும்ப ஓட ஆரம்பிச்சுது. டிக்கெட் விலையைக் கேட்டா சிரிப்பீங்க.

யாருக்கு இது சரிப்படாது

முட்டி வலி இருக்கற அம்மா அப்பாவோட போறவங்க, கைக்குழந்தையோட போறவங்க தயவு செஞ்சு இந்தப் பத்து மணி நேரத் திட்டத்தைத் தொடாதீங்க. ஈரத் துணியோட பஸ் மாறறது அவங்களுக்கு விளையாட்டு இல்ல. ஒரு ராத்திரி ரூம் போடுங்க, அரை நாளுக்கு டாக்ஸி பேசுங்க, பேக்கேஜே நல்லதா இருந்தா அதையே எடுங்க. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தா தென்காசியில வேன் பேசிக்கலாம். தலைக்குக் கணக்குப் போட்டா பஸ்ஸுக்கும் அதுக்கும் பெரிய தூரம் இருக்காது. நாலு பேர் என்றால் ஆட்டோ. ஏறறதுக்கு முன்னாடி எந்தெந்த இடம், காத்திருக்கறதுக்கு எவ்வளவு, கடைசியா செங்கோட்டை ஸ்டேஷன்ல விடணும், மூணையும் பேசி முடிச்சுட்டு ஏறுங்க. பெரும்பாலும் தகராறு வர்றது விலையில இல்ல, காத்திருக்கற நேரத்துலதான்.

டிக்கெட் விஷயம். முன்பதிவு இப்போ 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது, 2024 நவம்பர்ல இருந்து இதுதான் விதி. ஜூலை நடுவுல ஒரு புதன்கிழமை போகணும்னா, மே நடுவுல காலை 8 மணிக்குப் போன் கையில இருக்கணும். போற டிக்கெட் ஒரு நாள், வர்ற டிக்கெட் அடுத்த நாள் திறக்கும். ரெண்டுக்கும் அலாரம் வைங்க. வர்ற டிக்கெட் உறுதியான பிறகுதான் மேனேஜருக்கு லீவு மெயில்.